படியில் விழுந்த சகோதரிக்காக

வாரம் முழுக்க ஊருக்கே "வாயை நல்லாத் திறங்க" என்று சொல்லிப் பிழைக்கிற பெண்ணுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வாய்க்குப் பூட்டு. பல் டாக்டர் போகிற சபையில் பெண்கள் பிரசங்கம் செய்யக் கூடாது. பாடலாம், பெருக்கலாம், பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றலாம். ஜெபிக்கலாம், அதற்கு மட்டும் அளவே கிடையாது. கடவுளிடம் பேசுவதால் ஆண்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு கட்டியிருக்க வேண்டும். இதை நினைத்தாலே பல் டாக்டருக்குப் பல் கூசும். ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அதற்காக நோயாளிகளுக்குச் செய்து கொடுக்கிற பல்லுறையைத் தனக்கும் ஒன்று செய்து வைத்திருந்தாள். சபைக் கமிட்டி கூடுகிற வாரத்தில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று தானே சொல்லிச் சிரிப்பாள்.

அவளைப் பாடாய்ப் படுத்திய கேள்வி ஒன்றுதான், ஆனால் இரண்டு திசையிலிருந்தும் வந்தது. "இவ்வளவு பேசுறியே, இன்னுமா அந்தச் சபைக்குப் போறே?" என்று கேட்பவள் அவளுடைய கல்லூரித் தோழியான வக்கீல். அடி வாங்கி வருகிற பெண்களுக்காக ஒரு விடுதி நடத்துகிறவள். "இவ்வளவு விசுவாசமா இருக்கீங்க, இன்னுமா அந்தப் பெண்ணியவாதிங்களோட சுத்துறீங்க, சிஸ்டர்?" என்று கேட்பவர் பாஸ்டர். இரண்டு பேருக்கும் அவள் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தாள். வீடு என்னுடையதும்தான், கூடக் குடியிருக்கிறவர்கள் சரியில்லை என்பதற்காக நான் ஏன் காலி செய்ய வேண்டும்? சின்ன வயதில் அவளை எல்லோரும் இரண்டாவது பெண், தண்டச் செலவு என்று பார்த்தபோது, உன் தலைமுடியைக்கூட ஒருவர் எண்ணி வைத்திருக்கிறார் என்று சொன்னது அந்த இடம்தான். அதை எப்படி விடுவது? இதைச் சொன்னால் வக்கீல் உச்சுக் கொட்டுவாள், பாஸ்டர் புன்னகைப்பார். எது மோசம் என்று அவளால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை, பாட்டுக்குழுவில் பாடுகிற ஒரு சின்னப் பெண் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. சபையில் கீபோர்டு வாசிக்கிறவனின் மனைவி. நாற்காலியைச் சாய்த்து விளக்கைத் திருப்பிப் பார்த்தால், மேல் வரிசையில் முன்பல் பாதி இல்லை. உதட்டின் உள்பக்கம் கிழிந்திருந்தது.

"படியில விழுந்துட்டேன், டாக்டர்க்கா."

பல் டாக்டருக்குத் தெரியாததில்லை, முந்தின நாள் காலைதான் பாஸ்டர் பீடத்திலிருந்தே ஜெபித்திருந்தார்: "படியில் விழுந்த எங்கள் சகோதரிக்காக." பின்னணியில் கீபோர்டு மெல்ல உருகிக்கொண்டிருந்தது. வாசித்தவன் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி வாசித்தான். சபையே ஆமென் சொன்னது. அவளும் சொன்னாள்.

படியில் விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். உள்ளங்கை சிராயும், முட்டி சிராயும், தாடை அடிபடும். இவளுடைய உள்ளங்கைகள் இரண்டும் பளிச்சென்று இருந்தன. அதோடு இன்னொன்றும் இருந்தது. இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே வார்த்தையை இந்தப் பெண்ணின் மாமியாரும் ஒருமுறை சொல்லியிருந்தார். அவருக்கு மேல்வரிசை முன்பல் நான்கும் கட்டிய பல். "கல்யாணமான புதுசுல படியில விழுந்தேன்மா" என்று சொல்லிவிட்டு, வேகமாகப் பேச்சை மாற்றிவிட்டார். இப்போது அவருடைய கணவர் உயிரோடு இல்லை. கட்டிய பல்லைக் கழற்றி மாட்டும்போது மட்டும் அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொள்வார்.

பல் டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "வீட்டுக்குப் போகப் பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. அடுத்த நோயாளி வந்து, அதற்கடுத்த நோயாளி வந்து, கிளினிக் சாத்துகிற நேரம் வந்தபோதும் அவள் வரவேற்பறை மூலையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலமே பல் டாக்டர் அவளை வக்கீலின் விடுதிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கேதான் ஆரம்பித்தது உண்மையான தலைவலி.

வக்கீல் சட்டத்தை எடுத்துச் சொன்னாள். புகார், பாதுகாப்பு உத்தரவு, உரிமை என்று பொறுமையாகத்தான் சொன்னாள். அந்தப் பெண் யாருக்கோ வந்த கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆண்டவர் சேர்த்து வச்சதை விட்டுட்டு வந்தது பாவம் இல்லையா?" என்றாள். அப்புறம் பல் டாக்டரின் முறை. அவளுக்குத் தெரிந்த வேதம் முழுவதையும் எடுத்து வைத்தாள். மனைவி கீழ்ப்படியட்டும் என்று வாய் வலிக்கச் சொல்கிறவர்கள், புருஷன் அவளுக்காக உயிரையே கொடுக்கட்டும் என்ற அடுத்த வரி வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள் என்றாள். ஒரு பெண் மேல் கல்லெறிய நின்ற ஆண்களை ஆண்டவர் ஒரே வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பினாரே, அதை நினைத்துப் பார் என்றாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீங்க படிச்சவங்க, டாக்டர்க்கா. உங்களுக்கு எப்படி வேணா அர்த்தம் சொல்ல வரும்."

பல் டாக்டருக்கு அழுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். வக்கீல் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"பார்த்தியா? உன் ஆண்டவர்தான்டி அவளைக் கட்டிப் போட்டிருக்கார்."

"அவர் கட்டல. அவர் பேரைச் சொல்லி இவங்க கட்டியிருக்காங்க."

"கட்டுண்டு கிடக்கிறவளுக்கு என்னடி வித்தியாசம்? கயிறு ஒண்ணுதானே?"

"அப்ப அவிழ்க்கிறதுக்கும் அவர் பேரைச் சொல்லித்தானே ஆகணும்! உன் சட்டத்தைத்தான் அவ காதுலயே வாங்க மாட்டேங்கிறாளே!"

"உன் வேதத்தை மட்டும் வாங்கிட்டாளா?"

பல் டாக்டருக்கு எரிச்சல் வந்தது, தோழி மேல் பாதி, தன் மேல் பாதி. இத்தனை வருஷமாக நம்பிக்கையும் இந்த நியாயமும் ஒன்றாகவே இருக்க முடியும் என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டியிருக்கிறாள். கடைசியில் ஒரு சின்னப் பெண்ணிடம் அது செல்லாக்காசாகப் போய்விட்டதே என்று மனசு கசந்தது. அந்தப் பெண் திரும்பிப் போனால் அடுத்த முறை பல்லோடு நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். வக்கீலுக்கும் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு மாற்றுத் துணிக்காகப் பல் டாக்டர் தன் அக்காவுக்குப் போன் போட்டாள். இதைத்தான் செய்திருக்கக் கூடாது. அக்கா தங்கமானவள். கேட்டதற்கு மேலேயே இரண்டு பை துணியை விடுதிக்கே கொண்டுவந்து கொடுத்தாள், சோப்பு, சீப்பு, தலைவலித் தைலம் எல்லாம் வைத்துக் கொடுத்தாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று பல் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாள். அக்கா தலையிலடித்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒத்துக்கொண்டாள்.

ஆனால் புதன்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில்தான் பெண்கள் ஜெபக்கூட்டம். அங்கே சங்கிலி ஜெபம் நடக்கும். எல்லோரும் வட்டமாகக் கைகோத்துக்கொள்வார்கள். ஒருத்தி ஜெபித்து முடித்ததும் ஆமென் சொல்ல மாட்டாள். பக்கத்திலிருப்பவளின் கையை அழுத்துவாள். அவள் தொடர வேண்டும். கடைசியாக ஜெபிக்கிறவள்தான் ஆமென் சொல்வாள். ஆமென் வருகிற வரையில் யாரும் கண் திறக்கக் கூடாது, கையை விடக் கூடாது. அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கியதுதான். அந்தச் சின்னப் பெண்ணும் முன்பெல்லாம் வருவாள். பாட்டில் அப்படி ஒரு குரல். ஜெபத்தில் மட்டும் அவள் வாயைத் திறந்ததே இல்லை. கை அழுத்தப்பட்டதும் உடனே அடுத்தவர் கையை அழுத்திவிடுவாள்.

அன்று சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். குரல் கரகரவென்று இருந்தது.

"இன்னைக்கு ஆவியானவர் என்னைப் பேச வச்சார்டி. அந்தப் புள்ளைக்காக அப்படி ஒரு பாரம். அழுதுட்டேன்."

பல் டாக்டர் துளையிடும் கருவியைக் கீழே வைத்தாள். "எந்தப் புள்ளைக்காக?"

"பேர் சொல்லலை. பேரே சொல்லலைடி!"

"வேற என்ன சொன்னே?"

"ஒண்ணும் இல்ல. ஆண்டவரே, முன்பல் உடைஞ்ச உம்ம பிள்ளையைப் பாதுகாரும்னேன்."

"அக்கா!"

"அப்புறம், சலவைக்கடைக்குப் பக்கத்துல மஞ்சள் கேட் போட்ட அந்த வீட்டைச் சுத்தி அக்கினி மதிலா இரும்னேன்."

"அக்கா, மஞ்சள் கேட்டை எதுக்குச் சொன்னே? வழி தெரியாமயா இருக்கு அவருக்கு?"

"ஜெபத்துல குறிப்பா கேக்கணும்னு பாஸ்டர்தானே சொல்லியிருக்கார்..."

"அந்தக் கீபோர்டுக்காரனோட அம்மா வந்திருந்தாங்களா?"

அக்கா மிகவும் சின்னக் குரலில், "என் வலது பக்கம் அவங்கதான்டி. அவங்க கையைத்தான் அழுத்தினேன்" என்றாள்.

நாற்காலியில் வாயைத் திறந்தபடி காத்திருந்த நோயாளியைப் பாதியில் விட்டுவிட்டு, கையிலிருந்த உறையைக்கூடக் கழற்றாமல் பல் டாக்டர் காரை எடுத்தாள். வழி நெடுக அக்காவைத் திட்டினாள், பாஸ்டரைத் திட்டினாள், சிவப்பு விளக்கைத் திட்டினாள். பெண்களுக்கு வாயைத் திறக்க இருக்கிற ஒரே இடம் ஜெபம் என்று வைத்தால், ஊர் வம்பு, குடும்ப ரகசியம், விலாசம் எல்லாம் அதற்குள்தானே வந்து விழும்! யாரைச் சொல்லி என்ன?

சலவைக்கடை வாசலில் அவர்கள் கார் ஏற்கெனவே நின்றது. மஞ்சள் கேட்டுக்கு உள்ளே, முன்கூடத்தில் பாஸ்டர், கீபோர்டுக்காரன், அவன் அம்மா மூன்று பேரும் நின்றார்கள். வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு வழியை மறித்தாற்போல நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பெண், அக்கா கொடுத்த பையைத் தூக்கிக்கொண்டு செருப்பு மாட்டிப் புறப்பட்டுவிட்டிருந்தாள்.

கீபோர்டுக்காரன் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான். அதுதான் கொடுமை. "இனிமே நடக்காது, வா, வீட்டுக்குப் போகலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். என்ன நடக்காது என்று மட்டும் சொல்லவில்லை.

"வாங்க, டாக்டர் சிஸ்டர்" என்றார் பாஸ்டர், தன் வீட்டுக்கு வந்தவளை வரவேற்பதுபோல. "குடும்பம்னா ஆயிரம் இருக்கும். பிரிச்சு வைக்கிறது சுலபம். சேர்த்து வைக்கிறதுதான் நம்ம ஊழியம்."

"அவளைக் கேட்டீங்களா, பாஸ்டர்?"

"கேட்டேனே. வர்றேன்னுதானே சொல்றாங்க."

பல் டாக்டர் வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் உதட்டைக் கடித்துக்கொண்டு, "இது ஜெயில் இல்லடி" என்றாள் மெதுவாக. "அவ மேஜர். போறேன்னு சொன்னா நான் வழி விட்டுத்தான் ஆகணும்."

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே வக்கீலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் வாசல். பல் டாக்டருக்கு ஒன்றும் ஓடவில்லை. சட்டம் தீர்ந்துவிட்டது, வசனம் தீர்ந்துவிட்டது. அந்தச் சபையில் யாராலும் வேண்டாம் என்று மறுக்க முடியாத வார்த்தை ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"ஜெபிச்சுட்டுப் போகலாமே" என்றாள்.

வக்கீலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஜெபமா? இப்பவா?" என்றாள். ஆனால் பாஸ்டரின் முகம் மலர்ந்தது. "நல்ல காரியம், சிஸ்டர். நீங்களே ஆரம்பிங்க."

"சங்கிலி ஜெபம்" என்றாள் பல் டாக்டர். ஒரு கையால் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். பை தரையில் இறங்கியது. பெண்ணின் மறு கையை மாமியார் பிடித்தார், மாமியார் கையை மகன் பிடித்தான், அவன் கையைப் பாஸ்டர் பிடித்தார். வட்டத்தை முடிக்க அவர் நீட்டிய கையைப் பல் டாக்டர் கையுறையோடேயே பிடித்தாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள், வக்கீலைத் தவிர.

முதலில் முறையாகத்தான் ஆரம்பித்தாள். அன்பின் பரலோகத் தகப்பனே, உமக்கு ஸ்தோத்திரம், இந்த வேளைக்காக ஸ்தோத்திரம் என்று மூச்சு வாங்குகிற வரை ஸ்தோத்திரம் சொன்னாள். அதற்குமேல் பொறுமை அறுந்துபோயிற்று.

"எனக்கு அலுத்துப் போச்சு, ஆண்டவரே. நெஜமாவே அலுத்துப் போச்சு. உம்மைக் கும்பிடுறவ எப்படிப் பொண்ணுங்க பக்கம் நிப்பேன்னு கேக்குறாங்க. பொண்ணுங்க பக்கம் நிக்கிறவ எப்படி உம்மைக் கும்பிடுவேன்னு கேக்குறாங்க. நீர் எந்தப் பக்கம் நின்னீர்னு யாராவது பார்த்தாங்களா? கல்லறை காலியா இருக்குன்னு முதல்ல யார்கிட்ட சொன்னீர்? பொண்ணுங்ககிட்ட. அவங்க ஓடிப்போய்ச் சொன்னதும் ஆம்பளைங்க என்ன சொன்னாங்க? உளர்றாங்கன்னு சொன்னாங்க. அன்னைக்கு ஆரம்பிச்சது, ஆண்டவரே, இன்னும் முடியல!"

"ஆமென், ஆமென்" என்றார் பாஸ்டர், முடித்து வைக்கிற தொனியில். ஆனால் நடுவில் வருகிற ஆமென் நடத்து என்றுதான் அந்தச் சபையில் அர்த்தம். அவள் நடத்தினாள்.

"இருந்தாலும் நான் உம்ம வீட்டை விட்டுப் போக மாட்டேன். நீர் போகச் சொல்லல. ஆனா இந்த வீட்டுல வாயைத் திறந்தா அடி விழும்னு இருந்தா, அது உம்ம வீடா? நீர் சொல்லும். இந்தப் புள்ள பாவம் பண்ணிட்டோம்னு பயந்து சாகுது. கை ஓங்கினவங்க தைரியமா பாட்டு வாசிக்கிறாங்க. அதுக்கு நாங்க எல்லாரும் ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன். அதுக்கு என்னை மன்னியும்."

பாஸ்டர் ஒரு கண்ணை லேசாகத் திறந்தாராம். எதிரே வக்கீல் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததும் சட்டென்று மூடிக்கொண்டாராம். கீபோர்டுக்காரனின் காது மடல் சிவந்துபோயிற்றாம். இதெல்லாம் வக்கீல் பிற்பாடு சொன்னது.

எவ்வளவு நேரம்தான் ஒருத்தி பேச முடியும்? தொண்டை வற்றிவிட்டது. வார்த்தையும் வற்றிவிட்டது. ஆமென் சொன்னால் முடிந்தது கதை; எல்லோரும் கண்ணைத் திறப்பார்கள், பை கையில் ஏறும். பல் டாக்டர் ஆமென் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கையை அழுத்தினாள்.

வழக்கம்போல அவள் அடுத்த கையை அழுத்திவிடுவாள் என்றுதான் நினைத்தாள். பக்கத்துச் சலவைக்கடையின் இயந்திரம் சுற்றுவது கேட்டது. அந்தக் கை சில்லென்று இருந்தது. ஆனால் அவள் அடுத்த கைக்குத் தள்ளிவிடவில்லை.

"ஆண்டவரே" என்றாள் அந்தப் பெண். பாட்டில் கேட்கிற குரல் இல்லை. உடைந்த பல்லுக்கிடையே காற்று போகிற குரல். "மனுஷங்ககிட்ட என்ன வேணா சொல்லிடலாம். கண்ணை மூடிக்கிட்டு உம்மகிட்ட பொய் சொல்ல எனக்குப் பயமா இருக்கு. அதனாலதான் நான் இத்தனை நாளா ஜெபிக்கல." பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். "நான் படியில விழல, ஆண்டவரே."

அவ்வளவுதான். அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. மாமியாரின் கையை அழுத்தினாள்.

"அம்மா" என்றான் மகன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஜெபத்தின் நடுவில் பேசுவது அந்தச் சபையில் நடக்காத காரியம். பாஸ்டரே உஷ் என்றார்.

மாமியாரின் கட்டிய பல் கீழ்ப்பல்லில் தட்டுகிற சின்னச் சத்தம் கேட்டது. அது எதனால் என்று அந்த வட்டத்தில் பல் டாக்டருக்கு மட்டும்தான் தெரியும். பிறகு அவர் பேசினார். அழவில்லை, உருகவில்லை. பல நாளாகத் தள்ளிப்போட்ட ஒரு வேலையை முடிக்கிற மாதிரி சொன்னார்.

"எங்க வீட்டுல படியே கிடையாது, ஆண்டவரே. நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்தே கிடையாது. ஆமென்."

சொல்லிவிட்டு மகனின் கையை விட்டுவிட்டார்.

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். பாஸ்டர் மட்டும் திறக்கவில்லை. கீபோர்டுக்காரன் வீட்டில் வருஷா வருஷம் வாசலில் நின்று ஆசீர்வாத ஜெபம் செய்து வைக்கிறவர் அவர்தான். ஒவ்வொரு வருஷமும் தெருவிலிருந்து நேராக, கால் தூக்காமல் உள்ளே போனவர். ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்று ஜெபித்தபோது அது அவருக்கு ஞாபகம் வரவில்லை, பாவம். இப்போது வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

கீபோர்டுக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வக்கீல் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாசல் இந்தப் பக்கம்" என்றாள். அவன் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் தன் செருப்பைப் பார்த்தார். "நடப்பா, நான் வர்றேன்" என்று கடைசியில் அவர் சொன்னபோது குரல் அவருடையது மாதிரியே இல்லை. பின்னாலேயே இறங்கிப் போனார். வாசல்வரை போய்த் திரும்பி, "சிஸ்டர்..." என்று ஆரம்பித்து, எதுவும் சொல்லாமல் போய்விட்டார். பல் டாக்டர் அவரிடம் கேட்டதிலேயே அதுதான் நல்ல பிரசங்கம்.

மாமியார் போகவில்லை. குனிந்து தரையிலிருந்த பையை எடுத்தார். அந்தப் பெண் பதறி, "குடுங்கத்தே, நான் தூக்குறேன்" என்றாள். அவர் கொடுக்கவில்லை.

"உன் ரூம் எது?"

"மாடியில, அத்தே."

மாமியார் வக்கீலைப் பார்த்தார். "இந்த வீட்டுல படி இருக்கா?"

"இருக்கு, ஆண்ட்டி" என்றாள் வக்கீல்.

மாமியார் ஒரு கையில் பையும் ஒரு கையில் கைப்பிடியுமாக, முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறினார். மருமகள் அவர் விழுந்துவிடாதபடி பின்னாலேயே ஏறினாள்.